சேற்றில் இறங்கிய விருந்தாளிகள்

கமாலுதீன் அதுவரை சொன்ன பொய்களிலேயே பெரியது, போனில் மலர்விழி மேடத்திடம் சொன்ன பொய்தான்.

"வாரா வாரம் ஆளுங்க வர்றாங்க மேடம். சின்னச் சின்ன குரூப்பு. படகுல ஏத்தி கழிமொகத் திட்டெல்லாம் சுத்திக் காட்டுவேன், பறவை காட்டுவேன். நல்லா போய்க்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டான்.

உண்மையில் அந்தப் படகில் அவனைத் தவிர ஏறிய ஒரே ஜீவன் அவன் பெண்டாட்டி ஃபாத்திமா பீவி. அவளும் பாதி வழியில் வாந்தியெடுத்து, கரையிறங்கியதும் படகுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மலர்விழி புதுச்சேரியில் சுற்றுலா நிறுவனம் நடத்துகிறவள். ஓட்டல்களில் வந்து தங்குகிறவர்களை இங்கே அங்கே அனுப்புவதுதான் அவள் தொழில். "சூப்பர். அப்ப இந்த ஞாயித்துக்கிழமை உங்க குரூப்போட நானும் வர்றேன். ஆளுங்கள எப்படி வெச்சி நடத்துறீங்கன்னு பாத்துட்டுத்தான் என் கெஸ்ட்ட அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டாள்.

கமாலுதீன் போனை வைத்தான். மஸ்கட்டில் டால்பின் காட்டும் படகில் கயிறு பிடித்தும், வெள்ளைக்காரர்களுக்கு ஜூஸ் நீட்டியும் சம்பாதித்ததெல்லாம் இப்போது மரக்காணத்துக்குத் தெற்கே கழிமுகத்தில் ஒரு பைபர் படகாக மிதந்துகொண்டிருந்தது. மேடம் சரி என்றால் ஊரோடு இருக்கலாம். இல்லையென்றால் படகை விற்றுவிட்டுத் திரும்பவும் மஸ்கட்தான். கோட்டக்குப்பத்து விசா ஏஜெண்டு தினமும் போன் அடித்துக்கொண்டிருந்தார். மகள் ஃபஸீஹாவுக்கு அப்பன் என்றால் செல்போனில் தெரிகிற ஆள். அவன் வந்திறங்கிய புதிதில் மடியில் உட்கார்ந்துகொண்டே அம்மாவிடம் போனை நீட்டி, "அத்தாவக் காட்டு" என்றாள். அதற்கப்புறம் மஸ்கட் என்ற பேச்சை எடுத்தாலே அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

விருந்தாளிகளுக்கு எங்கே போவது? நேராகத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினான். வெளிநாடு போவதற்கு முன் அங்கே மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கியவன் அவன். அந்தக் கூட்டாளிகள் இன்னும் அங்கேதான் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி பூமாலை. அவனுக்கு அடுத்தபடி ஆரோக்கியராஜ். ஆரோக்கியராஜ் பெண்டாட்டி ஜெசிந்தா திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகிறவள். வெட்டு இல்லாத நாளில் மண்டியில் வந்து மூட்டை தைப்பாள்.

டீக்கடையில் வைத்துக் கமாலுதீன் விஷயத்தை உடைத்தான். "நீங்க மூணு பேரும் டூரிஸ்டு. மேஸ்திரி விழுப்புரத்துல பேங்க் மேனேஜரு. ஆரோக்கியம் காண்ட்ராக்டரு. ஜெசிந்தா டீச்சரு."

"நான் டீச்சரா?" ஜெசிந்தா ஒரு தரம் பூமாலையைப் பார்த்தாள், ஒரு தரம் புருஷனைப் பார்த்தாள். "சரி, இதுங்கள மேய்க்கறதுக்கு அந்த வேலைதான் சரி."

"ஒரே ஒரு கண்டிசன். படகுல எந்த வேலையும் நீங்க தொடக் கூடாது. குந்திக்கினு வரணும், அவ்ளோதான்."

"இது இன்னா பாய் பெரிய கண்டிசனு?" என்றான் பூமாலை. "பொறந்ததுலருந்து இத ஒருத்தன் சொல்ல மாட்டானான்னுதான் காத்துக்கினு கெடக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் துறைக்கு வந்தார்கள். பூமாலை தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆரோக்கியராஜ் இன் பண்ணியிருந்தான். சட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் வெளியே வந்தது. அவனும் விடாமல் உள்ளே திணித்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா சுடிதார் போட்டு, துப்பட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். மலர்விழி காரிலிருந்து இறங்கிக் கை கூப்பினாள்.

முதல் கோணல் அங்கேயே நடந்தது. தண்ணீரும் ஜூசும் வைத்த ஐஸ் பெட்டி கரையில் கிடந்தது. கமாலுதீன் குனிவதற்குள் ஆரோக்கியராஜ் கைக்குட்டையைச் சுருட்டித் தோளில் போட்டு, பெட்டியை ஒரே வீச்சில் ஏற்றி, முட்டியளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் படகில் இறக்கிவிட்டான். இறக்கியபிறகுதான் தான் காண்ட்ராக்டர் என்பது ஞாபகம் வந்தது.

"ஜிம்முக்குப் போறாரு மேடம்" என்றான் கமாலுதீன்.

மலர்விழி தலையாட்டினாள். படகு நகர்ந்ததும் பூமாலை பக்கம் திரும்பினாள். "சார் எந்த பேங்க்ல இருக்கீங்க?"

பூமாலை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "எல்லா பேங்க்லயும் கொஞ்சம் கொஞ்சம் மேடம்."

"மேடம் நீங்க? என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்க?"

"பெரிய பசங்களுக்கு எடுக்கறேன்" என்றாள் ஜெசிந்தா.

கமாலுதீன் எஞ்சினை நிறுத்திவிட்டு மூங்கில் கழியைக் கையில் எடுத்தான். இனிச் சத்தம் கூடாது, பறவைகள் மிரளும் என்று மஸ்கட் பாணியில் வாயில் விரல் வைத்துக் காட்டினான். படகு திட்டுகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. ஆளில்லாத திட்டுகள். நரித்திட்டு, ஆமைத்திட்டு என்று மீன்பிடிக்கிறவர்கள் வைத்த பெயர்தான். பனையும் முள்ளும் தவிர ஒன்றுமில்லை. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. அதற்கப்பால் முட்டியளவுத் தண்ணீரில், கண்ணுக்கு எட்டியவரை, பூநாரைகள். ஆயிரமோ, அதற்கு மேலோ. வெள்ளையில் ரோஸ் கலந்த உடம்பு, குச்சிக் கால், தலையைச் சேற்றில் கவிழ்த்தபடி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்ந்துகொண்டிருந்தன.

"யோவ், நாத்து நடுறாப்பலயே இருக்குதுய்யா" என்று ஜெசிந்தா புருஷன் காதில் கிசுகிசுத்தாள். "குனிஞ்சது நிமிரல பாரு."

"வரப்புல கொடை புடிச்சிக்கினு ஒருத்தன் நிக்கணுமே, அவனக் காணமே" என்றான் ஆரோக்கியராஜ்.

மலர்விழி சிரிப்பை அடக்கியது போலத்தான் இருந்தது. கமாலுதீனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து மடவை மீனொன்று தண்ணீரிலிருந்து எகிறி ஜெசிந்தாவின் மடியில் விழுந்தது. மறு நொடி அது துப்பட்டாவுக்குள் போய் முடிச்சும் விழுந்துவிட்டது.

"டீச்சர்..." என்று கமாலுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தான். "இங்க எதையும் புடிக்கக் கூடாது டீச்சர்."

"நான் எங்க புடிச்சேன்? அதுவா வந்து குந்திக்கினுது."

"விடுங்க டீச்சர்."

ஒரு நல்ல குழம்பு தண்ணீருக்குத் திரும்பிப் போவதை ஜெசிந்தா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரித்திட்டை நெருங்கியபோது உண்மையாகவே ஒரு நரி வந்து நின்றது. ஓரச் சேற்றில் நண்டைத் தோண்டிக்கொண்டிருந்தது, நிமிர்ந்து இவர்களைப் பார்த்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். "மொகத்தக் காட்டுது பாரு! இன்னிக்கு லாட்டரிதான்!" என்றான் பூமாலை. கமாலுதீன் அவர்களை உட்காரவைக்கக் கையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கழியை ஊன்ற மறந்தான். படகு சாய்ந்தபடியே ஒதுங்கிப்போய்ச் சேற்றுமேட்டில் சொருகி நின்றது.

கழியை ஊன்றித் தள்ளினான். கழிதான் உள்ளே போனது. எஞ்சினைப் போட்டான். விசிறி சேற்றைக் கலக்கியது. கடல் வற்றத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அது ஏற இனிச் சாயங்காலம் ஆகும்.

"இது... பறவை பாக்கறதுக்கு வழக்கமா நிறுத்தற எடம் மேடம்" என்றான்.

"எவ்ளோ நேரம் நிறுத்துவீங்க?" மலர்விழி கடிகாரத்தைப் பார்த்தாள். "மத்தியானம் எனக்கு ஒரு குரூப்பு வருது. அதுக்குள்ள நான் புதுச்சேரியில இருக்கணும்."

கமாலுதீன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தான் மட்டும் இறங்கினான். தொடைவரை புதைந்தான். பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை. பக்கவாட்டில் தள்ளினான். அசையவில்லை. நெற்றியில் வழிந்ததைச் சேற்றுக் கையால் துடைத்து, முகமெல்லாம் சேறாக, மூன்று பேரையும் பார்த்துக் கண்ணாலேயே சொன்னான்: இறங்கக் கூடாது.

அது சாதாரணக் கண்டிசன் இல்லை. திண்டிவனம் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. லாரி சக்கரம் சேற்றில் இறங்கினால் யார் லாரி, யார் சரக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. தின்றுகொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு வருவான், காய்ச்சலில் படுத்தவன் எழுந்து வருவான். உட்கார்ந்திருந்தவனை அப்புறம் எவனும் டீக்குக் கூப்பிட மாட்டான். துரைக்கண்ணு என்று ஒருத்தன், லாரி தள்ளும்போது பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊரை விட்டே விழுப்புரம் மண்டிக்குப் போனான். அங்கேயும் அவன் பேர் குந்தின துரைதான்.

பூமாலை வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை. ஆரோக்கியராஜ் மாதாவைக் கூப்பிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தான். அவன் கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே கமாலுதீன் மூச்சுப் பிடித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ம்ஹும். மறுபடி ம்ஹும்.

"யோவ்," ஜெசிந்தா பல்லிடுக்கில் பேசினாள், "அந்த மனுசன் தனியாக் கெடந்து மாரடிக்கிறான்."

"பேசாத. நீ டீச்சரு" என்றான் ஆரோக்கியராஜ்.

"டீச்சராவது மண்ணாவது."

சத்தமில்லாமல் பக்கவாட்டில் கால் போட்டு அவள் இறங்கிவிட்டாள். துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு படகின் அடியில் தோளை வைத்தாள். அதற்கப்புறம் பூமாலையைப் பிடிக்க ஆளில்லை. கண்ணாடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். குதித்த வேகத்தில் மலர்விழி மேல் சேறு வாரியடித்தது. ஆரோக்கியராஜ் சட்டை கடைசியாக ஒரு முறை வெளியே வந்தது. அதை அவன் திணிக்கவில்லை.

"இன்னாடா பண்றீங்க..." என்று கமாலுதீன் தொடங்குவதற்குள் பூமாலை மண்டியே அதிர்கிற தன் குரலைத் திறந்தான்.

"ஏய், அடியப் புடி!"

"புடிச்சேன்!" என்று ஆரோக்கியராஜ் கத்தினான்.

"முட்டுக் குடு!"

"குடுத்தேன்!"

"தூக்கு! ஏய்... தூ... க்கு!"

படகு தூக்கப்பட்டது. தள்ளவெல்லாம் இல்லை, தூக்கினார்கள். மலர்விழியையும் ஐஸ் பெட்டியையும் எஞ்சினையும் சேர்த்து, ஒரு பாரமாக. அந்தச் சத்தத்தில் கழிமுகம் முழுக்க எழுந்துகொண்டது. குனிந்திருந்த பூநாரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து, தண்ணீர்மேல் ஓடி, சிறகை விரித்தன. உள்சிறகின் சிவப்பு வானத்தில் புடவையாக விரிந்து, திட்டைத் தாண்டிப் போயிற்று. படகைத் தண்ணீரில் விட்டுவிட்டு நாலு பேரும் இடுப்பளவுச் சேற்றில் நின்று வாய் பிளந்து பார்த்தார்கள்.

கூட்டம் மறைந்த பிறகு ஒரு பறவைகூட இல்லை. நரியும் இல்லை.

மலர்விழி கன்னத்துச் சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தாள். "நான் கை தட்டுவேன்னு பாக்கறீங்களா?" என்றாள். "ஒரு தடவை இப்படி வெரட்டினா போதும், ஃபாரஸ்ட்டுல இருந்து வந்து படகையே தூக்கிக்கினு போயிடுவாங்க. பறவை பாக்க வந்தவங்களுக்கு எதைக் காட்டுவீங்க, இந்தத் தண்ணியையா?"

கமாலுதீன் எஞ்சினைப் போட்டுப் படகைத் திருப்பினான். பூமாலை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கமாலுதீன் மனசுக்குள் மஸ்கட் விமானம் ஏறிவிட்டிருந்தான்.

கரையில் இறங்கியதும் மலர்விழி நேராகக் கேட்டாள். "இவங்க யாரு?"

"நம்ம ஆளுங்க மேடம். திண்டிவனம் மண்டியில மூட்ட தூக்கறவங்க. நானும் கூடத் தூக்கினவன்தான். டூரிஸ்டுன்னு ஒருத்தனும் இதுவரைக்கும் வரல. போன்ல சொன்னது பொய்யி."

"பேங்க் மேனேஜருக்குக் கழுத்துல அவ்ளோ பெரிய காய்ப்பு இருக்கும்போதே தெரிஞ்சிது." அவள் செருப்பைக் கழற்றித் தட்டினாள். "பொய் சொன்னவங்களோட நான் தொழில் பண்றதில்ல. அது ஒண்ணு. இன்னொண்ணு கேக்கறேன், அதுக்காவது உண்மையச் சொல்லுங்க. நான் அனுப்பறவங்க சேத்துல கால வைக்க மாட்டாங்க. படகு இந்த மாதிரி சிக்கினா நீங்க ஒருத்தரு இன்னா பண்ணுவீங்க?"

கமாலுதீன் யோசித்தான். "ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

"அதான், இப்பதான் உண்மை பேசறீங்க. ஒத்தையா ஓட்டற படகுக்கு நான் ஆளு அனுப்ப மாட்டேன்." காரின் கதவைத் திறந்தவள் அதைப் பிடித்தபடியே நின்றாள். "கூட ஒருத்தர வெச்சிக்கோங்க. சொல்லாமலே எறங்கறவங்களா இருக்கணும். வாயைத் தொறக்காதவங்களா இருக்கணும். அந்த அக்கா மாதிரி. மூணு பேருல அவங்கதான் சத்தம் போடல. ஒரு மாசம், ஞாயித்துக்கிழமை மட்டும் அனுப்பறேன். பறவை ஒரு தடவை பறந்தாலும் அத்தோட முடிஞ்சிது."

"இவளா மேடம்?" ஆரோக்கியராஜ் பதறிவிட்டான். "சத்தம் போடாதவளா? ஒரு நாளு எங்க ஊட்டாண்ட வந்து பாருங்க."

"உன்ன மாதிரி ஆளு படகுல இல்லன்னா நான் எதுக்குச் சத்தம் போடறேன்?" என்றாள் ஜெசிந்தா. அப்புறம் கமாலுதீன் பக்கம் திரும்பினாள். "பாய், ஞாயித்துக்கிழம பூசை இருக்குது. சனிக்கிழம சாயந்தர பூசைக்குப் போயிக்கிறேன். கரும்பு வெட்டு கூலிக்குக் கொறையாமக் குடு. எறங்குனா சோப்பும் உன்னுதுதான்."

கார் போய்விட்டது. கமாலுதீன் மரத்தடிக்குப் போய் விசா ஏஜெண்டுக்குப் போன் போட்டான்.

"நான் போகல பாய். அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன், அங்க நிரந்தரமா எதனா அமைஞ்சிடுச்சா?"

"இல்ல. ஒரு மாசம். அதுவும் ஞாயித்துக்கிழம மட்டும்."

"பைத்தியமாடா உனக்கு? இது போனா அடுத்த விசா எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"தெரியும் பாய்."

ஏஜெண்டு வைத்துவிட்டார். கமாலுதீன் பெருமூச்சு விட்டுத் திரும்பினான். படகின் உள்ளும் வெளியும் ஒரு வண்டி சேறு அப்பிக் கிடந்தது. மூன்று விருந்தாளிகளும் பனை நிழலில் காலை நீட்டி, ஐஸ் பெட்டியை நடுவில் வைத்து ஆளுக்கொரு ஜூசைத் திறந்திருந்தார்கள்.

"படகக் கழுவணும்" என்றான் கமாலுதீன்.

"ஜல்தி கழுவு பாய்," என்றான் பூமாலை, எழுந்திருக்காமல். "காஞ்சிடுச்சின்னா பேஜாரு."

"ஒரு கை குடுங்கடா."

"கழுவறது லோடு இல்லியே" என்று சொல்லிப் பூமாலை உறிஞ்சுகுழலை வாயில் வைத்தான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

கமாலுதீன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.