கீறல் நீக்கிய படம்

காலை எட்டரை மணி. அம்மாவின் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்காக ஹில்டா ரொட்டிகளைப் பிளந்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, தம்பி யோரிஸ் ஓர் அட்டைப்பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தான்.

"அம்மாவோட அட்டை வந்துடுச்சுக்கா. பாரு."

மாஸ் நதிக்கரை ஊர்களில், அடக்கப் பூசையில் காணிக்கைக்கு எழுந்து வருகிறவர்களுக்கு இறந்தவரின் படம் அச்சிட்ட அட்டை தருவார்கள். யாரும் அதை எறிவதில்லை. செபப் புத்தகத்திலும் பணப்பையிலும் வருடக்கணக்காகக் கிடக்கும்.

ஹில்டா கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். அம்மாவின் கல்யாணப் படம். அம்மா பல் தெரியச் சிரித்தாள். வீட்டில் தொங்கிய படத்திலும் சரி, நேரிலும் சரி, அவள் அப்படிச் சிரித்து ஹில்டா பார்த்ததில்லை. முகம் அவித்து உரித்த முட்டைபோல் வழவழவென்று இருந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கு முகம் இருந்தது.

அந்தப் படம் நாற்பது வருடங்களுக்கு மேல் வாசலையடுத்த நடையில் தொங்கியது. மாப்பிள்ளையின் முகம் இருந்த இடம் மட்டும் வெறும் வெள்ளை. அம்மாதான் ஊசியால் சுரண்டினாள். அப்பா அறைந்து அவளுடைய இடது காது கேட்காமல் போன வாரம் அது. சுரண்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, அதே ஆணியில் மாட்டினாள். சாகும்வரை அப்பா அதைத் தாண்டித்தான் வெளியே போய்வந்தார். கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்போது ஹில்டாவுக்கு ஒன்பது வயது. யோரிஸ் தொட்டிலில் இருந்தான்.

"இது யாரு மூஞ்சி?"

"அப்பாதான்."

"அப்பாவுக்கு மோவாயில குழி கிடையாது."

யோரிஸ் சிரித்தான். அவன் மோவாயில் குழி விழுந்தது.

"அந்த வயசுல அவரு படம் வேற எதுவுமே கிடைக்கலக்கா. சரிபண்றவன் நெருங்கின சொந்தம் யாரோட படமாவது குடுங்கன்னான். என்னோடத அனுப்பினேன். மிச்சத்தக் கம்ப்யூட்டர் பாத்துக்கிச்சு. எப்படிப் பொருந்தியிருக்கு பாரு!"

மணக்கோலத்தில் அம்மா, மகனின் முகத்தோடு கைகோத்து நின்றாள். ஹில்டா பன்றித்தொடைத் துண்டுகள் இருந்த தட்டை அப்பால் தள்ளினாள்.

"இதச் செய்யச் சொல்லி உன்கிட்ட யாரு கேட்டா?"

"கீறலோட எப்படி அச்சடிக்கிறது? ஊரு சிரிக்காதா?"

"கீறல் விழல. அம்மா கீறினா."

"ஏதோ ஒரு நாள் கோவம். ரெண்டு பேரும் போய்ச் சேந்தாச்சு, நீ எதுக்கு இன்னும் இழுக்கிற?"

"ஒரு நாள் கோவமா? வாராவாரம் அந்தக் கண்ணாடியத் தொடச்சாடா அவ."

யோரிஸ் ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தான்.

"பழசு எங்க?"

"திருப்பி அனுப்பவான்னு கேட்டான். வேணாம், தூக்கிப் போட்டுடுன்னுட்டேன். கெட்டுப்போனத வெச்சு என்ன பண்ண?"

ஹில்டா பெட்டியைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். ஈரக் காப்பித்தூள்மேல் எத்தனையோ அம்மாக்கள் சிரித்தார்கள்.

"அது உபரிதான்க்கா," என்றான் யோரிஸ், மென்றுகொண்டே. "கோவிலுக்கு உள்ளது நேரா அங்கயே போயிடுச்சு."

பூசை தொடங்குமுன், கோவில் வாசலில் அட்டைகள் அடுக்கிய தட்டோடு நின்ற, அடக்க ஏற்பாடுகளைப் பார்க்கிறவரிடம் ஹில்டா போனாள்.

"அத உள்ள எடுத்து வெச்சிடுங்க. குடுக்க வேணாம்."

"வெறுங்கையோட அனுப்பினா ஜனங்க என்னம்மா நெனைப்பாங்க? தம்பிதான பாத்து ஓகே சொன்னாரு?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அம்மா அவ்ளோ அழகா இருந்தாங்களா!"

காணிக்கை நேரத்தில் வரிசை சவப்பெட்டியைச் சுற்றி நகர்ந்தது. ஒவ்வொருவரும் பெட்டியைத் தொட்டார்கள், அட்டையை வாங்கினார்கள். பக்கத்து வீட்டு லம்பேர்ட் அட்டையைப் பார்த்தார், முன்வரிசையில் இருந்த யோரிஸைப் பார்த்தார். குனிந்து அவன் தோளில் தட்டினார்.

"உங்கப்பன அப்படியே உரிச்சு வெச்சிருக்கடா நீ!"

யோரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹில்டா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

வரிசையின் கடைசியில் அம்மாவின் தங்கை ஆல்டா வந்தாள். அப்பா இருந்தவரை அந்த வீட்டுப் படியேறாதவள்; அவர் போன பிறகுதான் வந்து, நடையில் தொங்கிய முகமில்லாத மாப்பிள்ளையைப் பார்த்தவள். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பிறகு ஹில்டாவின் அருகில் வந்து நின்றாள்.

"ஏன்டி," என்றாள், "கடைசில அவன மன்னிச்சுட்டாளா?"