காரம் வேணாம்

மதியம் ஒன்றரை மணிக்கு அந்த ரோல் கடைக்குள் நுழைய வேண்டுமென்றால் உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். மொத்தமே ஆறு மேசை. இடம் கிடைக்காதவர்கள் நின்றபடியே சாப்பிடச் சுவரோரம் ஒரு நீளப் பலகை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சூடான கல். அதில் வட்ட ரொட்டியைப் போட்டு இரண்டு புறமும் வாட்டி, கோழியோ முட்டையோ சீஸோ வைத்து, வெள்ளரி, வெங்காயம், முட்டைக்கோஸ் என்று கேட்டதையெல்லாம் அடுக்கி, கேட்ட சாஸை ஊற்றிச் சுருட்டி, காகிதத்தில் இறுக்கிக் கையில் கொடுப்பார்கள். சட்டையில் சொட்டாமல் அதைச் சாப்பிட்டு முடிக்கத் தனித் திறமை வேண்டும்.

அந்தத் திறமை கண்ணாடிக்காரருக்கு உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருக்கு மதியச் சாப்பாடு எப்போதும் இங்கேதான். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். கண்ணாடி போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளை மடக்குவதில் மன்னர். "கண்ணாடி போட்டா என்னடா செல்லம் வெட்கம்? பாக்கறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதானே?" என்று அவர் கேட்டால், அழுதுகொண்டு வந்த பிள்ளை சிரித்துக்கொண்டு போகும்.

அன்று அவருடன் மகளும் வந்திருந்தாள். இருபத்தொரு வயது. காலையில் ஓர் அச்சகத்தில் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு நேராக அப்பாவிடம் வந்திருந்தாள். புத்தகம் அச்சாகும் முன் பிழை திருத்தித் தரும் வேலை. அந்த வேலைக்கென்றே பிறந்தவள்தான். வரிசையில் நின்ற இரண்டு நிமிஷத்தில் கடையின் விலைப் பலகையில் மூன்று தப்புக் கண்டுபிடித்துவிட்டாள். 'வெங்கயம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவளுக்கு ஒரே ஒரு சங்கடம். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதிலும் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் உண்டு. இருப்பதிலேயே சின்னதாக, தோல் நிறத்திலேயே பார்த்து வாங்கித் தந்தது அப்பாதான். மெஷின் போட்டால் எதிரில் இருப்பவர் பேசுவது நன்றாகவே கேட்கும். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால் அது கைப்பையில் சின்ன டப்பாவுக்குள் போய்விடும். அப்பாவின் உத்தரவு அப்படி.

அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. பதினோரு வயதில் அவளை ஓர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிப்போனார். யாரோ அவளைக் கட்டி அணைத்தபோது மெஷின் கீச்சென்று விசில் அடித்தது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அட, செவிட்டுப் பொண்ணா? பாவம்" என்று ஓர் அத்தை சத்தமாகவே சொன்னாள். மகளுக்கு அது கேட்டதோ என்னவோ, அப்பாவுக்குக் கேட்டது. அன்றைக்கு முடிவெடுத்தார், என் பிள்ளையை இனி எவரும் அந்த வார்த்தை சொல்லக்கூடாது என்று. பாசம்தான், வேறென்ன? பாசம் சில சமயம் இப்படித்தான் தப்பான கதவைச் சாத்தும்.

மெஷின் இல்லாமல் வெளியே சமாளிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்ப்பாள். புரிந்த மட்டும் புரியட்டும் என்று தலையாட்டிவிடுவாள். "என்ன சொன்னீங்க?" என்று மட்டும் யாரிடமும் கேட்கவே மாட்டாள். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

அவர்கள் முறை வந்தது. கல்லுக்குப் பின்னால் புதிதாக ஓர் அம்மாள். நாற்பது வயது இருக்கும். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லோருக்கும் அவள் 'ரோல் அக்கா' ஆகிவிட்டாள். இரண்டு காதிலும் கிளிப்பச்சை நிறத்தில் பளிச்சென்று மெஷின். கண்ணாடித் தடுப்பில் அவளே எழுதி ஒட்டிய அட்டை: 'எனக்குக் காது கேட்பது குறைவு. என் முகம் பார்த்துப் பேசுங்கள்.'

மகள் அந்த அட்டையைப் படித்தாள். அந்தப் பச்சை மெஷினைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணாடிக்காரர் எதையும் பார்க்கவில்லை. அவர் போனில் லென்ஸ் கம்பெனிக்காரனை விளாசிக்கொண்டிருந்தார்.

"ஒரு கோழி ரோல், ஒரு முட்டை ரோல்" என்றார் தெருவைப் பார்த்தபடி.

"கோழி ரோலுக்குக் காரம் வேணுமா சார்?"

"வேணாம்" என்றார், போனுக்கும் கடைக்கும் பொதுவாக. தலைக்குமேல் புகை இழுக்கும் விசிறி உறுமிக்கொண்டிருந்தது. வேணும், வேணாம் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதுகைப் பார்த்தால் எப்படித் தெரியும்?

அக்காவுக்குச் சந்தேகம். "சார், காரம் வேணும்தானே?" என்று இன்னொரு முறை கேட்டாள். அந்த நேரம் பார்த்து லென்ஸ்காரன் ஏதோ ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடிக்காரர் திரும்பித் தலையைப் பலமாக ஆட்டினார். அக்கா மிளகாய் சாஸ் பாட்டிலை எடுத்தாள். தாராளமான கை.

மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். போனை வைத்த கையோடு அவர் மகள் தோளைத் தொட்டார். அவள் நிமிர்ந்ததும், "இன்டர்வியூ எப்படிப் போச்சு பாப்பா?" என்றார்.

"நல்லா போச்சுப்பா" என்று அவள் ரோலைப் பிரித்தாள். கடிக்கவில்லை.

அவர் கடித்தார். ஒரு கடி, இரண்டு கடி. மூன்றாவதில் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு வருஷமாக வயிற்றுப்புண்ணுக்கு மருந்து சாப்பிடுகிற மனுஷர், பாவம். ஆனால் அடுத்து அவர் செய்ததற்கு வயிற்றுப்புண்ணைச் சாக்குச் சொல்ல முடியாது. ரோலை எடுத்துக்கொண்டுபோய்க் கல்லுக்கு முன்னால் டொம்மென்று வைத்தார்.

"காரம் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காது என்ன செவிடா உனக்கு?"

மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

ரோல் அக்கா கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள். குளிர்ந்த பால் பாட்டில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "முதல்ல இதைக் குடிங்க சார், எரிச்சல் அடங்கும்" என்றாள். பிறகு சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "ஆமா சார், செவிடுதான். இதோ மாட்டியிருக்கேன், அதோ எழுதியும் ஒட்டியிருக்கேன். ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுற உங்க கண்ணுல படாம போச்சே!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் அட்டையைப் பார்த்தார், பச்சை மெஷினைப் பார்த்தார். வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. மெதுவாகத் திரும்பினார்.

மகள் எழுந்து, அவர் முகம் பக்கவாட்டில் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெஷின் இல்லாமல் அந்தச் சத்தத்தில் அவளுக்கு முக்கால்வாசி கேட்டிருக்காது. ஆனால் 'செவிடு' என்கிற வார்த்தையை அவள் பத்தடி தூரத்திலிருந்தே உதட்டில் படித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அத்தனை முறை பார்த்த வார்த்தை. இன்று அது அப்பாவின் வாயிலிருந்து வந்திருந்தது.

"பாப்பா, அது உன்னைச் சொல்லலடா கண்ணு..." என்று அவர் ஓடிவந்தார்.

"தெரியும்ப்பா. உட்காருங்க." அவள் ரோலைத் தள்ளி வைத்தாள். "இன்டர்வியூ நல்லா போகல. பொய் சொன்னேன்."

அவள் நடந்ததைச் சொன்னாள். அச்சகத்து முதலாளி அம்மாள் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தாளைப் புரட்டியபடியே குனிந்து பேசினாளாம். இந்த வேலையில் எத்தனை வருஷம் பழக்கம் என்று கேட்டிருக்கிறாள். இவளுக்கு 'எத்தனை' மட்டும்தான் பிடிபட்டது. வீட்டில் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டு, "மூணு மேடம்" என்றாள். அப்பா, அம்மா, தான். அந்த அம்மாள் மூன்று வருஷம் என்று எழுதிக்கொண்டாள். அடுத்து என்னவோ கேட்டாள். இவள் தலையாட்டினாள். கடைசியில் சான்றிதழ் எங்கே என்று கையை நீட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. இல்லாத பழக்கத்தை இருக்கிறதென்று புளுகியவளாக அவள் அங்கே நின்றாள்.

"ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துட்டேன்ப்பா. அந்தம்மா என்னைப் பொய்க்காரின்னு நினைச்சிட்டாங்க. அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"மெஷின் போடலையா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். போடாதே என்று காலையில் வாசல் வரை வந்து சொன்னது யார்? முடியை இழுத்துக் கட்டியிருக்கே, பளிச்சுன்னு தெரியுது, இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுக்கோ என்று தன் கையாலேயே டப்பாவில் போட்டு மூடியது யார்?

அவர் எழுந்து வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும் அக்காவின் முகத்துக்கு நேராக நின்று, "தப்பு என்மேலதாம்மா. முகத்தைப் பார்க்காம பேசினேன், அதுக்கு மேல வாய்க்கு வந்ததையும் பேசிட்டேன். மன்னிச்சிடும்மா" என்றார்.

"விடுங்க சார். இதுக்கெல்லாம் அழுதுட்டிருந்தா ரொட்டி தீஞ்சிடும்" என்றாள் அக்கா. அவளுடைய பார்வை மேசைப் பக்கம் போயிற்று. "உங்க பொண்ணா? வந்ததுலேர்ந்து என் காதையே பார்த்துட்டிருக்கா."

அவர் ஒரு முறை மகளைத் திரும்பிப் பார்த்தார். பத்து வருஷமாக வெளியில் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டுமே. "அவளுக்கும் உண்டும்மா. பையில வெச்சிருக்கா."

"பையிலயா?" அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பைக்கு எதுக்கு சார் காது கேக்கணும்?"

இப்போது முதலில் சிரித்தது கண்ணாடிக்காரர்தான். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசைக்கு வந்து மகளின் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "போட்டுக்கோ பாப்பா. அச்சகம் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்ல? முதல்ல அந்த ரோலைச் சாப்பிடு. வெறும் வயித்தோட போனா பேச்சு வராது."

அவள் மாட்டிக்கொண்டாள். விசிறியின் உறுமல், கல்லில் ரொட்டி சுடும் ஓசை, பக்கத்து மேசையின் வம்பு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. முட்டை ரோலைப் பசியோடு சாப்பிட்டாள். அப்பாவின் திறமை அவளுக்கு வரவில்லை, துப்பட்டாவில் இரண்டு சொட்டுச் சாஸ்.

அச்சகத்து அம்மாள் அவர்களைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். "என்னம்மா, சர்டிபிகேட் கிடைச்சிடுச்சா?"

"இல்ல மேடம். எனக்குப் பழக்கமே கிடையாது. நீங்க கேட்டது சரியா விழல, வீட்டுல எத்தனை பேர்னு நினைச்சு மூணுன்னேன். எனக்குக் காது கேக்கறது குறைவு. மெஷின் போட்டா கேக்கும்." தலையைத் திருப்பிக் காட்டினாள். "பழக்கம் இல்லைனாலும் தப்பு என் கண்ணுல தப்பாது மேடம். ஒரு பக்கம் குடுத்துப் பாருங்க."

அந்த அம்மாள் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினாள். பேனாவும் கொடுத்தாள். கால் மணி நேரம். தாள் திரும்பி வந்தபோது அதில் பதினான்கு சிவப்பு வட்டம். அம்மாள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். "எங்க ஆள் பார்த்து முடிச்ச பக்கம்மா இது. அவர் பதினொண்ணுதான் பிடிச்சார்" என்றாள் முணுமுணுப்பாக. பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "எல்லாம் சரி. காலையில ஏன் மெஷின் போடாம வந்தே? அப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லையே?"

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. "மறந்துட்டேன் மேடம்" என்றாள்.

தன்னைக் காட்டிக்கொடுக்காமல் பிள்ளை பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. கண்ணாடிக்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. கதவோரம் நின்றவர் முன்னால் வந்தார்.

"அவ மறக்கல மேடம். போடாதேன்னு நான்தான் சொன்னேன். நாலு பேர் என் பொண்ணை ஒரு சொல் சொல்லிடுவாங்கன்னு பயம். அந்தப் பயத்துல பத்து வருஷமா அவளை எல்லாத்துக்கும் தலையாட்ட வெச்சுட்டேன். காலையில உங்க கேள்வி அவளுக்குக் கேக்காம போனது அவ காதால இல்ல மேடம், என்னாலதான். குறை இருக்கிற பிள்ளையைப் பெத்தவங்க எல்லாருக்கும் சொல்றேன், அதை மறைச்சு வெக்காதீங்க. நாம வெட்கப்பட்டா பிள்ளையும் தன்னைப் பார்த்து வெட்கப்படக் கத்துக்கும்."

பக்கத்து அறையில் அச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அச்சகத்து அம்மாள் மறுபடி தாளைப் பார்த்துக் குனிந்து, ஏதோ எழுதிக்கொண்டே, "சரி, திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ. மணி..." என்று சொன்னதில் மீதி மேசைக்குள்ளேயே போய்விட்டது.

மகளின் தலை வழக்கம்போல அசையப் பார்த்தது. பாதியில் நின்றது.

"மன்னிக்கணும் மேடம், எனக்குக் கேக்கல. கொஞ்சம் நிமிர்ந்து, இன்னொரு தடவை சொல்றீங்களா?"

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து, அவள் முகத்துக்கு நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஒன்பது மணிக்கும்மா."