நேற்றுப் பிடித்த தண்ணீர்

சுகாதார ஆய்வாளர் குல்பார்ஷின் பரிசோதிக்க வரும்போதெல்லாம் அந்தக் குரோம் ஆலை ஊரின் குழாய்த் தண்ணீரில் குறையே இருக்காது. அதுதான் அவளை உறுத்தியது. அன்றும் ரைகான் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில், ஆலைக் கழிவின் நச்சான குரோமியம் இருந்தால் ஊதாவாகும் மருந்தை விட்டாள். நிறம் மாறவில்லை.

"நான்தான் சொன்னேனே, சுத்தமான தண்ணி," என்றார் கூட வந்த குடிநீர் அதிகாரி துலேகென்.

"நான் வர்றது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

குல்பார்ஷின் ரைகானிடம் திரும்பினாள். "அக்கா, நேத்துக் காலையில பிடிச்ச தண்ணி இருக்கா?"

"இந்தக் கேன்ல இருக்கும்மா."

மருந்து விழுந்ததும் அந்தத் தண்ணீர் ஊதாவாக மாறியது.

"கேன் அழுக்கா இருக்கும்," என்றார் துலேகென்.

"இதுலதான்யா உனக்கு டீ போட்டேன்," என்றாள் ரைகான்.

துலேகென் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். குல்பார்ஷின் கேனுக்கு முத்திரை வைத்துத் தன் காரிலேயே ஏற்றினாள்.