கொடிமரத்தடி உப்பு

கொடிமரம் விழுந்து ஆண்டனி ராஜ் செத்த மூன்றாம் நாள், மிச்சமிருந்த அடிக்கட்டையைப் பிடுங்கச் சொல்லிப் பங்குச் சாமியார் ஆள் அனுப்பியது அந்தப் பிள்ளையின் அப்பனுக்குத்தான். வேறு யாரைக் கூப்பிடுவார்? கோம்பைப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் வெல்டிங் தெரிந்தவர் பங்கிராஸ் ஒருத்தர்தான். கொடிமரத்தைச் செய்து நட்டவரும் அவர்தான்.

மரம் என்பதெல்லாம் பேச்சுக்கு. அது நாற்பதடி இரும்புப் பைப்பு. தொண்ணூற்றெட்டில் இதே மகன் மஞ்சள்காமாலையிலிருந்து பிழைத்து எழுந்ததற்கு நேர்த்திக்கடனாக, தேனிக்குப் போய்த் தட்டித் தட்டிப் பார்த்துக் கனமான புதுப் பைப்பாக எடுத்துவந்து செய்து வைத்தார். ஒன்பது வருஷம் ஆடாமல் நின்றது. இந்த ஜூனில் அந்தோணியார் கொடியேற்றத்தன்று, கயிற்றை இழுக்கும்போது மேற்கேயிருந்து ஒரு காற்று அடித்தது. அவ்வளவுதான், அடியோடு முறிந்து சாய்ந்தது. மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். கொடி மண்ணில் விழக்கூடாதென்று ஆண்டனி ராஜ் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்துநாலு வயசு. பாழாய்ப்போன கொடி.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பங்கிராஸ் பழைய பைப்புக்குப் பெயிண்ட் அடித்து நட்டுவிட்டார் என்று, துக்கம் கேட்க வந்த வாயாலேயே பேசிவிட்டுப் போனார்கள். திருவிழாக் கமிட்டி செல்வமணி அதை டீக்கடையிலேயே சொன்னாராம். நாக்கில் நரம்பில்லாத மனிதர்.

பங்கிராஸ் கடப்பாரையோடு போனார். அடியைச் சுற்றி ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதையும் அவர்தான் கட்டியிருந்தார். வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் கொண்டுவந்து கொடிமரத்தடியில் கொட்டுவது அங்கே வழக்கம். உப்புக் கரைகிற மாதிரி நோயும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. சாமிக்குப் போட்டது மிதிபடக் கூடாதே என்றுதான் தொட்டி. மழை பெய்தால் தண்ணீர் அதிலேயே நிற்கும், உப்பும் ஊறிக்கொண்டே கிடக்கும். வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கப் போகும்போது அந்த உப்பை அள்ள அவருக்குக் கை வராது. யார் யார் வேண்டுதலோ! உப்புக்கு மேலே மட்டும் அடித்துவிட்டு வந்துவிடுவார்.

இப்போது அள்ளினார். பைப்பு ஏடு ஏடாக உரிந்து கையோடு வந்தது, அப்பளம் போல நொறுங்கியது. கீழே கான்கிரீட்டுக்குள் இருந்த இரும்பு நல்ல இரும்பாகவே இருந்தது. முறிந்து கிடந்த மேல்பாகமும் அப்படித்தான். உப்பு கிடந்த அந்த ஒரு சாண் மட்டும் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது.

அவருக்குத் தெரியாத விஷயமா இது? உப்புக் கடை ஷட்டரின் அடித்தகடு இற்றுப்போய் அவர் பட்டறைக்குத்தான் வரும். இரும்புக்கும் உப்புக்கும் ஆகாது என்று எத்தனை பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். வேண்டுதல் உப்பும் அதே உப்புத்தான் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லையே. தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகுதான் மதலேனாள் நினைவு வந்தது. எல்லாரும்தான் உப்புப் போட்டார்கள். ஆனால் ஒன்பது வருஷமாக ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல், மகன் நல்லா இருக்கணும் என்று கொண்டுபோய்க் கொட்டியவள் அவர் மனைவி. துருத் துண்டை எடுத்து ஊரில் காட்டினால் போதும், பழி போய்விடும். ஆனால் மறுநிமிஷம் அது மதலேனாள் காதுக்கும் போகும். அப்புறம் அவள் உயிரோடு இருப்பாளா? பங்கிராஸ் தொட்டியை உடைத்து, உப்பையும் துருவையும் ஒரே குழியில் தள்ளி மூடினார்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மதலேனாள் கேட்டாள். மூன்று நாளாகப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவள்.

“ஊருல சொல்றாக. பழைய பைப்பையா போட்டீக?”

“ஆமா” என்றார் பங்கிராஸ்.

“தெரிஞ்சேவா செஞ்சீக?”

“தெரிஞ்சுதான்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சோறு போட்டு வைத்தாள், பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பங்கிராஸ் மெழுகுவர்த்தியோடு கடைசியாகப் போனார். வாசலில் மதலேனாள் திரும்பி நின்றாள்.

“நீங்க உள்ள வராதீக. எம்புள்ள பக்கத்துல நீங்க நிக்கக் கூடாது.”

பங்கிராஸ் மெழுகுவர்த்தியைச் செல்வமணி கையில் கொடுத்து, மகனுக்கு ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டு, ரோட்டோரமாகப் போய் நின்றுகொண்டார்.