பெயிண்ட் காயாத அறை

சுலஸ்த்ரி அம்மா வீட்டிலும் முதலில் தேநீர்தான் வந்தது. மூடி போட்ட கண்ணாடிக் குவளை, அடியில் கரையாமல் கிடக்கும் சர்க்கரை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வாடகை அறை கேட்டு வரும் பெண்ணை யாரும் வாசலில் நிற்க வைப்பதில்லை. உட்கார வைத்து, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்து, அதற்குப் பிறகுதான் ஊர் கேட்பார்கள். கிழக்குத் திமோர், கல்லூரிக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் பார்வை என் சுருட்டை முடியிலிருந்து கழுத்துச் சிலுவைக்கு இறங்கி, அங்கிருந்து தேநீருக்குப் போனது.

"குடிங்கம்மா, ஆறிடும். ரூம் இருக்கு. பெயிண்ட் அடிச்சிட்டிருக்காங்க, காய்ஞ்சதும் சொல்லி அனுப்புறேன்."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அதுவரை எங்கள் ஊர்க்காரி மர்சியானா அக்காவின் கட்டிலில் பாதி எனக்கு. அவளுடைய வீட்டுக்காரம்மா அதற்கு ஞாயிறு வரைதான் தவணை கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் இடமில்லையென்றால் முகத்துக்கு நேரே இல்லை என்பார்கள். வேண்டுமானால் நாயையும் ஏவுவார்கள். ஆகவே நம்பினேன். ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு நானே போய் நின்றேன்.

மறுபடியும் தேநீர். இந்த முறை வாழைப்பழ பஜ்ஜியும்.

"அடடா, இந்த வெயில்லயா வந்தீங்க? பெயிண்ட் இன்னும் காயலையேம்மா."

அவருக்குப் பின்னால் அறைக் கதவு திறந்திருந்தது. பச்சைச் சுவர். ஜன்னல் கம்பியில் யாரோ ஒருத்தி காயப்போட்ட முக்காடு. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சிரித்த முகம் மாறாமல் என் குவளையை நிரப்பினார். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பஜ்ஜி சூடாக இருந்தது, தின்றேன்.

பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பியபோது மர்சியானா அக்கா கேட்டுக்கு உள்ளே நின்று தலையிலடித்துக்கொண்டாள்.

"அடி மக்கு! அன்னிக்கு டீ குடுத்து பெயிண்டுன்னு சொன்னப்பவே இல்லைன்னு சொல்லியாச்சுடி. பெட்டிய வேற தூக்கிட்டுப் போயிருக்கா!"

பேசிக்கொண்டே வீட்டுக்காரம்மாவின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டைத் திறக்கவில்லை. "இரு, வரேன்" என்று உள்ளே போனாள். நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் டிலியிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஒலந்தினா, ரூம் கெடச்சுதாடி?"

"கெடச்சிருச்சும்மா. பெயிண்ட் அடிச்சிட்டிருக்காங்க. காய்ஞ்சதும் போயிருவேன்."

"என்ன கலரு?"

"பச்சை."

"நல்லதுதான். கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றாள் அம்மா.

போனை வைத்தபோது கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே அக்காவின் கை நீண்டிருந்தது. கையில் மூடி போட்ட குவளை.

"குடிடி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "ஆறிடும்."