பின்னட்டையில் இருந்த பெயர்

முதல் தாள் பிரிண்டரிலிருந்து பாதி வெளியே வந்திருந்தபோது சத்தியநேசன் சாரின் போன் வந்தது.

"மோளே ஷெமி, சிடி கவர் அடிக்கத் தொடங்கியாச்சா?"

"இப்பதான் சார். முதல் ஷீட்டு வருது."

"அப்ப நிறுத்து. பின்பக்கத்துல சின்னத் திருத்தம் உண்டு. 'பாடல்கள்: சரோஜம்'னு போட்டிருக்கியே, அத எடுத்துட்டு என் பேரப் போட்டாப் போதும்."

ஷெமிக்குப் புரியாமல் இல்லை. கையை நீட்டிப் பிரிண்டரை நிறுத்தினாள்.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் அந்த நகரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய தமிழ்ச் சபையின் பாடகர் குழு, அந்தக் கிறிஸ்துமசுக்கு எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தது. எட்டையும் எழுதியது சரோஜம். பழவங்காடியில் ஒரு ஓட்டலில் காய்கறி நறுக்குகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து, வெங்காய வாசனை போகாத கையோடு ஒத்திகைக்கு வருவாள். டைரியைப் பிரித்து வரியைச் சொல்லி, மெட்டையும் அவளே பாடிக் காட்டுவாள். குழுவின் செயலாளரான சத்தியநேசன் செய்ததெல்லாம், மூன்றாம் பாட்டில் 'உன்' என்று இருந்ததை 'உம்' என்று மாற்றியதுதான். ஷெமி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

"சார், பாட்டு அவங்க எழுதினதுல்லா?"

"எழுதினா? திருத்திச் சரியாக்கினது யாரு? பின்ன, இது வேற சபைக்கும் போற சாதனம். யாரு இந்த சரோஜம்னு கேட்டா, ஓட்டல்ல காய் வெட்டுறவங்கன்னு சொல்லவா முடியும்? மனசிலாயா?"

"சரி சார்" என்றாள் ஷெமி.

போனை வைத்த பிறகுதான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் மேல் வந்த கோபத்தைவிட, 'சரி சார்' என்று சொன்ன தன் வாயின் மேல் வந்த கோபம் பெரிது. பதினோரு வருடம் அந்தக் குழுவில் பாடியதில் அந்த வாய் வேறு என்னத்தைக் கற்றுக்கொண்டது?

அச்சகத்தில் ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்கமாட்டோம் என்றதால்தான், வீட்டில் பிரிண்டர் வைத்திருந்த ஷெமி நூறு கவரையும் தானே அடித்துத் தருவதாக ஏற்றிருந்தாள். அளவு சரியாக வருவதற்கே இரண்டு நாள் போயிற்று. ஒருமுறை படம் சுருங்கியது, ஒருமுறை சிவப்பு மை இழுகிக்கொண்டு போயிற்று. இப்போது எல்லாம் கச்சிதமாக இருந்தது. அவள் கம்ப்யூட்டரில் பின்னட்டையைத் திறந்தாள். சரோஜத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கவில்லை, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

"தெரிஞ்சா பிரச்சனை ஆகும், கேட்டியா?" என்றான் கணவன் ரெஜி.

"ஆகட்டும்."

இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒவ்வொரு டப்பாவிலும் சிடி உட்காரும் கறுப்புத் தட்டைக் கழற்றி, பின்னட்டையை அடியில் வைத்து, தட்டை மறுபடி அமுக்கினாள். சனிக்கிழமை மத்தியானம் நூறு டப்பாவையும் இரண்டு அட்டைப்பெட்டியில் அடுக்கி, சபையின் பணியாளான கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வாசல் மேசையில் சிடிகள் அடுக்கியிருந்தன. ஷெமி ஒன்றை எடுத்தாள். உள்ளே சிடி கடகடவென்று ஆடியது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் தாளே இல்லை, வெறும் கறுப்புத் தட்டு. திறந்தாள். யாரோ வேலை தெரியாத கையால் தட்டை நெம்பியதில், சிடியைப் பிடிக்கும் நடுப்பல் ஒடிந்திருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

ஆபீஸ் அறைக்குள் அவள் போன வேகத்தில் கதவு சுவரில் மோதியது. குப்பைக்கூடை நிறைய அவளுடைய பின்னட்டைகள், நான்காகக் கிழிந்து கிடந்தன.

"நான் சொன்னத நீ கேக்கல" என்றார் சத்தியநேசன், நிமிராமல். "அதனால இப்படிச் செய்ய வேண்டி வந்துச்சு. குழுவுக்குன்னு ஒரு ஒழுங்கு உண்டு."

"ஒழுங்கா? அடுத்தவங்க பாட்டத் தூக்கி உங்க பேருல போடுறதா சார் ஒழுங்கு?"

"சத்தம் போடாதே. இது கோயிலு."

"கோயில்ல வச்சுத்தானே கிழிச்சீங்க!"

வாசலில் நிழல் விழுந்தது. சரோஜம் நின்றிருந்தாள். ஓட்டலில் லீவு கேட்டு வாங்கி, மார்த்தாண்டத்திலிருந்து தங்கையையும் வரவழைத்திருந்தாள், அச்சில் வந்த பெயரைக் காட்டுவதற்கு. அவள் குப்பைக்கூடையைப் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து விரித்தாள். 'சரோ' மட்டும் இருந்தது.

சத்தியநேசனின் குரல் உடனே இளகியது. "சரோஜம், நீங்க கர்த்தருக்குத்தானே எழுதினீங்க? அதுல பேரு எதுக்கு?"

"அப்ப உங்க பேரு எதுக்கு சார்?" என்றாள் சரோஜம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரோஜம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள்.

சாயங்காலம் அவளே ஷெமியின் வீடு தேடி வந்தாள். அழுதிருப்பாள் என்று ஷெமி நினைத்திருந்தாள். இல்லை, முகம் கல்லாக இருந்தது.

"பிள்ளே, அந்தத் தாளு உன் மிஷின்ல இன்னும் இருக்கா?"

"இருக்கு அக்கா."

"அடி. நூறும் அடி. வெட்டுறது என் வேலை. வெட்டித்தானே சோறு திங்கேன்."

கலர் மை தீரும் நிலையில் இருந்தது. கறுப்பில் மட்டும், சாதாரணத் தாளில் அடித்தார்கள். சரோஜத்தின் கை பிளேடைப் பிடித்த விதத்தில் ஸ்கேலே தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் கோயில் கேட்டில் நின்றார்கள். "சிடி வாங்கினவங்களுக்குப் பின்னட்டை கிடைக்கல. இதா, வாங்கிக்கோங்க" என்று ஷெமி ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். சிலர் பார்க்காததுபோலப் போனார்கள். பத்து வருடம் பக்கத்தில் நின்று பாடிய சுஜா, குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அதுதான் ஷெமிக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. ஆனால் சபைப் போதகரின் மனைவி ஒன்று வாங்கி, நின்று முழுதும் வாசித்துவிட்டு, பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அதைக் கண்டு இன்னும் சிலர் கை நீட்டினார்கள்.

சத்தியநேசன் ஓடிவந்தார். "கோயில் வளப்புல இதொண்ணும் பாடில்ல, வெளியே போங்க!"

சரோஜம் இரண்டடி பின்னால் வைத்து ரோட்டில் நின்றாள். "இது கார்ப்பரேஷன் ரோடு சார். இங்கேருந்தும் என்னைக் கிழிச்சுப் போடுவீங்களா?"

அறுபத்துமூன்று தாள் போயிற்று.

அந்த வாரமே ஷெமிக்குக் கடிதம் வந்தது: ஒழுங்கு மீறியதற்காக அவள் பாடகர் குழுவிலிருந்து நீக்கப்படுகிறாள். சரோஜம் அந்தச் சபைக்கு வருவதையே விட்டுவிட்டாள். கரமனையில் தன் வீட்டருகே ஒரு சின்னக் கூட்டத்தில் பாடுகிறாள். டைரியை மட்டும் இப்போது யாரிடமும் கொடுப்பதில்லை.

"நீயும் வேற சபைக்குப் போயேன். எதுக்கு இந்த வேதனை?" என்று ரெஜி கேட்டான்.

ஷெமி போகவில்லை. ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில், குழுவுக்கு நேர் எதிரே உட்காருகிறாள். குழு சரோஜத்தின் பாட்டைப் பாடத் தொடங்கினால், சபை முழுதும் சேர்ந்து பாடும்போது அவள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. குழுவோடு நிற்கும் சத்தியநேசனையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் சரணத்திலேயே அவர் தலை பாட்டுத்தாளுக்குள் குனிந்துவிடும். பாட்டு முடியும்வரை அவளும் கண்ணை எடுக்கமாட்டாள்.