எண்ணத் தெரிந்த ஆக்டோபஸ்

தெருவில் அவரை ஆக்டோபஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடமாக ஆய்வகத்தில் ஒரே ஒரு ஆக்டோபஸின் முன்னால் உட்கார்ந்து, அதற்கு எண்ணத் தெரியும் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். எதைக் கொடுத்தாலும் எட்டுக் கையாலும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு திருப்பித் தரும் என்பதால் அதற்கு ஆடிட்டர் என்று பெயர்.

சோதனை எளிது. தொட்டிக்குள் இரண்டு அட்டைகள். புள்ளி அதிகமாக உள்ள அட்டையைத் தொட்டால் ஒரு இறால். ஆடிட்டர் தவறுவது அபூர்வம். நம் வம்சமும் அதன் வம்சமும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன், ஏதோ ஒரு புழுவின் காலத்திலேயே பாகம் பிரித்துக்கொண்டு போனவை. அந்தப் பங்காளி வீட்டிலும் கணக்கு தனியாக வளர்ந்திருக்கிறது என்று எழுதியபோது அவருக்கே புல்லரித்தது. தான் எழுதியதற்குத் தானே புல்லரித்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. மறுநாள் ஆய்வகத் தலைவரிடம் அதைக் காட்ட வேண்டும். தலைவர் ஒப்புக்கொண்டால் வேலை நீளும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்று மாலை, அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த மனைவி, சோதனையைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன சிரிப்பு?”

“வீட்ல சீட்டு ஆடும்போது நல்ல சீட்டு வந்தா உங்க கழுத்து நீளும்ல. இப்பவும் நீளுது. சரியான அட்டை இருக்கிற பக்கமா.”

“நானா? நான் ஆடாம அசையாம உக்காந்திருக்கேன்.”

“அப்படிச் சொல்லிக்கிட்டேதான் வருஷக்கணக்கா தோக்குறீங்க.”

அவருக்குப் பழைய தட்டி ஞாபகம் வந்தது. தொடக்கத்தில் முறைப்படி தொட்டிக்கும் தனக்கும் நடுவே ஒரு தட்டி வைத்திருந்தார். ஆடிட்டர் அப்போது அட்டைப் பக்கமே வரவில்லை. கூச்ச சுபாவம் போலும் என்று இரக்கப்பட்டுத் தட்டியை எடுத்தார். அன்றிலிருந்து அது கணக்கில் புலியாகிவிட்டது. தன் இரக்கத்தின் பலன் என்று வேறு பெருமைப்பட்டிருந்தார்.

தட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி நிறுத்தினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு அட்டைகளைக் கலைத்துச் செருகினாள். இருவரும் தட்டிக்குப் பின்னால் நின்று, தொட்டிக்கு மேலிருந்த கேமராவின் காட்சியைக் கைப்பேசித் திரையில் பார்த்தார்கள். ஆடிட்டர் எந்த அட்டையையும் தொடவில்லை. தொட்டிக் கண்ணாடியை ஒட்டியே நகர்ந்து, தட்டி முடியும் மூலைக்கு வந்து, அவரைத் தேடியது. கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது.

“பாவம், விடையைத் தேடுது,” என்றாள் மனைவி.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவர் நினைத்தது உண்மை. தட்டியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இந்த முகத்தை வைத்துக்கொண்டு ஆக்டோபஸிடமே ஒன்றையும் மறைக்க முடியாதவர், தலைவரிடம் எங்கே மறைப்பது?

மறுநாள் தட்டி, கழுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “ஆடிட்டருக்கு எண்ணத் தெரியாது, சார்.”

“அப்ப மூணு வருஷமா அது என்னதான் பண்ணுச்சு?”

“என்னைப் படிச்சுது, சார்.”

தலைவர் அவர் எழுதியதை மூடி வைத்தார். “நீங்க அதைப் பத்தித் தெரிஞ்சுகிட்டதைவிட, அது உங்களைப் பத்தி நல்லாவே தெரிஞ்சு வச்சிருக்கு. நியாயமா வேலையை அதுக்குத்தான் நீட்டிக்கணும்.”

“ஆமா, சார்.” அவமானத்தில் காது சுட்டது.

“ஆனா அது படிக்கிறதுக்கும் ஒரு மூஞ்சி வேணுமே.” தலைவர் காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

ஒன்றும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“கழுத்தைக் கொஞ்சம் உள்ள இழுங்க,” என்றார் தலைவர். “கையெழுத்து போடணும்.”